கீழே வைத்த கோப்பை

அத்தியாயம் 17

அன்று மழை பெய்தது என்றுதான் எழுத இருந்தேன். என்னைப் பெண் கேட்டு ஜாஹா, அதாவது மாப்பிள்ளை வீட்டு ஆண்களின் கூட்டம், வந்த வியாழக்கிழமை. எங்கள் ஸல்த் ஊரின் படிகளெல்லாம் நனைந்து, ஆண்கள் செருப்பைத் தேய்த்துத் துடைத்தபடி ஏறி வந்ததாக என் மனதில் இருக்கிறது. எழுத உட்காருவதற்கு முன் என் தங்கை தீமாவின் நோட்டுப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். "வியாழன். வெயில். புது ஷூ கடிக்கிறது" என்று இருக்கிறது.

ஆகவே என் ஞாபகத்தை முழுசாக நம்பாதீர்கள். எங்கள் வீட்டில் ஞாபகம் நிற்காது என்று டாக்டர்கள் எழுதிக் கொடுத்தது தீமாவைப் பற்றித்தான். ஆனால் அவள் எழுதி வைக்கிறாள். நான் எல்லாம் நினைவிருக்கிறது என்ற தைரியத்திலேயே தவறவிடுகிறவள்.

இடையில் வந்து சேர்ந்தவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். தீமாவுக்கு ஒன்பது வயதில் பின்மண்டைக்குள் கட்டி. அம்மான் நகரத்து மருத்துவமனையில் அறுவை, பிறகு முப்பது நாள் கதிர் சிகிச்சை, பிறகு மருந்து. கட்டி போய்விட்டது. வீடு திரும்பிய பெண் வேறொரு வேகத்தில் இருந்தாள். மூன்று வேலை சொன்னால் ஒன்றுதான் தங்கும். கேள்வி கேட்டால் பதில் வரும், கேட்டவர் நகர்ந்த பிறகு வரும். திடீரென்று கோபம், கோபம் இறங்கியதும் வெட்கம். பதினொரு வயதில் அவளுக்கு ஒரு தோழிகூட மிச்சமில்லை.

ஊருக்கு நாங்கள் சொன்னது, படியில் விழுந்துவிட்டாள் என்று. ஸல்த்தில் அதை யார் நம்ப மாட்டார்கள்? இங்கே தெருவே படிதான். கட்டி என்று சொன்னால் வம்சத்தில் இருக்கிறது என்பார்கள், இந்த வீட்டுப் பெண்ணைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று உம்மா பயந்தாள். இந்த வீட்டுப் பெண் என்றால் நான், நுஹா. ஜாஹா வந்தபோது எனக்கு இருபத்தாறு.

பொய் இரண்டு வருடம் எங்களுக்கு உழைத்தது. பிறகு தீமாவின் கழுத்தைப் பிடித்தது. விழுந்த காயம் எப்போதோ ஆறியிருக்குமே, இன்னும் ஏன் இந்த மந்தம் என்று பள்ளிக்கூடத்தில் கேட்க ஆரம்பித்தார்கள். சோம்பேறி, திமிர் பிடித்தவள், செல்லம் கொடுத்துக் கெட்டவள். போன வாரம் எழுதினேனே, பரீட்சைத் தாளைக் கிழித்து எறிந்தாளே, அதுதான் கடைசி. ஐந்து கேள்விக்கும் அவளுக்குப் பதில் தெரியும். இரண்டாவதை எழுதிக்கொண்டிருக்கும்போது மணி அடித்துவிட்டது.

இரண்டு வகுப்பு கீழே இறக்குவது என்று முடிவாயிற்று. வெள்ளி, சனி விடுமுறை முடிந்து ஞாயிறு காலை பள்ளி திறந்ததும் துணைத் தலைமையாசிரியை மிஸ் ஃபாத்தின் கையெழுத்துப் போட வேண்டியது மட்டும் பாக்கி. அந்த மிஸ் ஃபாத்தின், என்னைக் கேட்டு வரும் ஸஃப்வானின் சொந்த அத்தை.

தடுக்க ஒரு வழி இருந்தது. மருத்துவமனையில் குழந்தைகளின் மனநலம் பார்க்கும் டாக்டர் லுப்னா ஒரு பக்க அறிக்கை எழுதிக் கொடுத்திருந்தார். பரீட்சையில் ஒன்றரை மடங்கு நேரம். ஒரு நேரத்தில் ஒரே கேள்வி. முன் வரிசையில் இடம். கோபம் வந்தால் ஐந்து நிமிடம் வெளியே உட்கார அனுமதி. அவ்வளவுதான். ஆனால் முதல் வரியில் கட்டியின் பெயர் இருந்தது. அதனால் அது ஆறு மாதமாக உம்மாவின் துணி அலமாரியில் கிடந்தது.

அதைப் பள்ளியில் கொடுக்கட்டுமா என்று வியாழன் காலை சமையலறையில் உம்மாவிடம் மறுபடி கேட்டேன்.

"நாப்பது நாள் பொறு," என்றாள் உம்மா, பாதாம் உரித்தபடி. "நிக்காஹ் எழுதி முடியட்டும். நானே கொண்டுபோய்க் குடுக்கறேன்."

"ஞாயித்துக்கிழமை கையெழுத்துப் போடறாங்க உம்மா."

"போடட்டும். ரெண்டு வகுப்பு கீழ உக்காந்தா செத்தா போயிடுவா? சாவைப் பாத்துட்டுத் திரும்பி வந்தவ அவ. உனக்குத்தான் இது இன்னொரு தடவை வராது."

உம்மாவைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துவிடாதீர்கள். முப்பது நாளும் கதிர் அறையின் கனத்த கதவுக்கு வெளியே நின்றவள் அவள்தான். அங்கே போட்டிருந்த நாற்காலியில் ஒரு நாள்கூட உட்கார்ந்ததில்லை.

பேசாமல் இருப்பதில் எங்கள் வீட்டில் என்னை மிஞ்ச ஆளில்லை. டாக்டர் லுப்னாகூட அதற்காக என்னைப் பாராட்டியிருக்கிறார். "மூளை உடைஞ்சு போகலைம்மா. ரோடு குறுகிப் போச்சு. ஒரு நேரத்துல ஒரு வண்டிதான் போகும். அவகிட்ட ஒண்ணு கேட்டா மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நடுவுல நீங்களே பதில் சொல்லிடாதீங்க." மற்றவர்கள் நாலு எண்ணுவதற்குள் வாயைத் திறந்துவிடுவார்கள். நான் முப்பது வரை போவேன். அதே மௌனம் வேறொரு இடத்தில் கோழைத்தனமாகவும் இருக்கும் என்பதை அவர் சொல்லவில்லை. சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உம்மா அந்தப் பக்கம் போனதும் அறிக்கையை எடுத்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். தீமாவைப் பள்ளிக்கு அழைத்துப் போனேன். வாசலிலேயே மிஸ் ஃபாத்தின்.

"வாடி மருமகளே! நாலு மணிக்குச் சிவக்க வேண்டிய முகம், இப்பவே சிவந்துட்டா சாயங்காலத்துக்கு என்ன பண்ணுவே?" என்று கன்னத்தைக் கிள்ளினார். பிறகு குனிந்து, "தீமா ராணிக்கு ஸலாம் சொல்ல வாய் வராதோ?"

தீமா வாயைத் திறந்தாள். அதற்குள் மிஸ் நிமிர்ந்துவிட்டார்.

"பாத்தியா? இதான். திமிர். என் தம்பி மாடிப்படியில விழுந்து இடுப்பெலும்பு போச்சு, ஆறே மாசத்துல டாக்ஸி ஓட்டினான். இவளுக்கு ரெண்டு வருஷமா மண்டை சரியாகலையாம். நீ இந்தச் சமயத்துல மனசைக் குழப்பிக்காதே. நாலாம் வகுப்புல போட்டா தானா வழிக்கு வருவா."

என் கை பைக்குள் இருந்தது. காகிதத்தின் ஓரம் விரலில் பட்டது. ஸிப்பை இழுத்து மூடினேன்.

மிஸ் ஃபாத்தின் நாலைந்து அடி போய்விட்டார். "ஸலாம் மிஸ்," என்றாள் தீமா, அவருடைய முதுகிடம். பிறகு என்னைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை.

பள்ளி விட்டு வந்ததும் தீமா தன் வேலைக்குத் தயாரானாள். அன்று அவளுக்கு ஒரு வேலை இருந்தது. காப்பி முடிந்ததும் பெரியவர்களுக்குக் குனாஃபா இனிப்புத் தட்டை எடுத்துப் போவது. அவளாகக் கேட்டு வாங்கிய வேலை. இரண்டு வாரமாகக் காலித் தட்டை வைத்துப் பழகினாள். கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் அந்த நோட்டுப் புத்தகத்தில் ஆறு படி எழுதியிருந்தாள். ஒன்று, கை கழுவு. இரண்டு, இரண்டு கையாலும் பிடி. மூன்று, வலது பக்கத்திலிருந்து ஆரம்பி. அந்த நோட்டும் டாக்டர் லுப்னா கொடுத்ததுதான். ஒரே ஒரு நிபந்தனையோடு கொடுத்தார். இதில் தீமா மட்டும்தான் எழுத வேண்டும்.

மூன்றரை மணிக்கு என் தலைமுடியை யாரோ வாரிக்கொண்டிருந்தார்கள். தீமா எங்கே என்று நான் கேட்கவில்லை.

நாலு மணிக்கு ஜாஹா படியேறி வந்தது. முப்பது ஆண்கள் முன்னறையில். ஸஃப்வான் வீட்டுப் பெண்கள் உள்ளறையில், நடுவில் மிஸ் ஃபாத்தின். இரண்டு அறைக்கும் இடையில் சின்ன நடை. நான் நடையில், முன்னறைக் கதவுக்குப் பின்னால், இடுக்கு வழியாகப் பார்த்தபடி நின்றேன்.

அவர்கள் பக்கத்துப் பெரியவர் ஹாஜி தௌகான். அவர் கையில் முதல் கோப்பையைக் கொடுத்தார்கள். அவர் அதை வாயருகே கொண்டுபோகாமல் எதிரே மேசையில் வைத்தார். இனி கேட்டதைக் கொடுத்தோம் என்று நாங்கள் சொன்னால்தான் அதை எடுப்பார். அவர் எடுத்துக் குடித்துவிட்டால் பேச்சு முடிந்தது. பெண் அவர்களுடையவள். குடிக்கும்வரை அறையில் வேறு யாருக்கும் காப்பி கிடையாது.

ஹாஜி கேட்க வேண்டியதை அழகாகக் கேட்டார். எங்கள் பக்கம் பதில் சொல்ல எழுந்தது ஆத்தெஃப் சித்தப்பா. அவர் கல்யாணத்திலும் தேர்தலிலும் ஒரே பேச்சைப் பேசுகிறவர். பாட்டனார் காலத்திலிருந்து தொடங்கினார்.

அப்போது சமையலறைப் பின்கதவு திறந்தது. தீமா. புது ஷூவைக் கையில் பிடித்துக்கொண்டு, வெறும் காலோடு.

"எங்கடி போனே?"

நோட்டைத் திறந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். வியாழக்கிழமைப் பக்கம். ஆறு படிகளையும் அடித்து ஒரு கோடு. அதற்குக் கீழே உம்மாவின் கையெழுத்தில், "நாலு மணிக்கு மாடி வீட்டில் இருக்க வேண்டும். கூப்பிடும்வரை கீழே வரக் கூடாது."

அதற்கும் கீழே, பெரிய பெரிய எழுத்தில், பேனா காகிதத்தைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி, "இதை நான் எழுதவில்லை."

"மேலதான் இருந்தேன்," என்றாள். மூச்சு வாங்கியது. "நோட்டுல இருந்துச்சு. அதான் போனேன். அப்புறம் பாத்தேன். என் எழுத்து இல்ல."

நான் எண்ணினேன். அவள் இன்னும் முடிக்கவில்லை என்று தெரிந்தது.

"இதுல இருக்கறதைத்தான் நான் செய்வேன் நுஹா. தலைல நிக்காது. இதுலதான் நிக்கும். இதுல வேற ஆள் எழுதினா... நான் எதை நம்பறது?"

முன்னறையில் சித்தப்பா இரண்டு குடும்பத்தின் வீரத்தையும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"காலைல ஏன் பையை மூடினே?" என்றாள் தீமா.

எட்டு மணிநேரம் கழித்து அவளிடமிருந்து வந்து சேர்ந்தது அந்தக் கேள்வி. கேட்டுவிட்டுக் காத்திருந்தாள். அவளுடைய உதடு லேசாக அசைந்தது. எனக்காக அவள் பத்து எண்ணிக்கொண்டிருந்தாள்.

"பயந்துட்டேன்," என்றேன்.

"இப்ப?"

நேராக உள்ளறைக்குப் போனேன். மிஸ் ஃபாத்தின் மடியில் அறிக்கையை வைத்தேன். "படிங்க மிஸ். இப்பவே படிங்க." உம்மா எழுந்தாள். "நுஹா! வேண்டாம்டி!" என்றாள். அந்தக் குரலில் இருந்தது கோபமில்லை.

எனக்குத் தோன்றியது இவ்வளவுதான். அந்தக் கோப்பையை எடுப்பதற்கு முன்னால் சொன்னால் அது சொன்னது. எடுத்த பிறகு சொன்னால் ஏமாற்றியது. எங்கள் ஊரில் இதற்குச் சட்டப் புத்தகம் வேண்டாம்.

ஆண்கள் அறைக்குள் நான் போக முடியாது. குழந்தை போகலாம். திரும்பி வந்து தீமாவிடம், "பாபாகிட்ட போய் நுஹா சொன்னா, காப்பி குடிக்கச் சொல்லாதீங்க, முதல்ல ஒரு விஷயம் சொல்லணும்னு சொல்லு, உள்ள வரச்சொல்லு," என்று மூச்சுவிடாமல் சொன்னேன். இரண்டு வருடம் பழகியும் அந்த நேரத்தில் நான்கு வண்டிகளை ஒரே ரோட்டில் விட்டேன்.

அவள் பதறவில்லை. பேனாவை எடுத்தாள். சுவரில் நோட்டை வைத்து எழுத ஆரம்பித்தாள். ஒவ்வொரு எழுத்தாக.

அந்தப் பக்கம் சித்தப்பா முடிக்கிற குரலுக்கு வந்துவிட்டார். "ஆகவே பெரியோர்களே" என்றார். நல்லவேளை, அவருக்கு இன்னொரு பாட்டனார் ஞாபகத்துக்கு வந்தார். சித்தப்பாவின் வாய்நீளத்துக்காக நான் அல்லாஹ்வுக்கு நன்றி சொன்னது வாழ்க்கையில் அந்த ஒரு தடவைதான்.

நான் சொன்னது எழுதி முடிந்திருக்கும். அவள் இன்னும் எழுதிக்கொண்டிருந்தாள். அவசரப்படுத்த வாய் வந்தது. மூடிக்கொண்டேன்.

"ஆகவே ஹாஜி, நீங்க கேட்டு வந்த பொண்ணு உங்க வீட்டுப் பொண்ணு. உங்க காப்பிய..."

"பாபா," என்றாள் தீமா. அவள் அறைக்குள் இருந்தாள்.

யாரோ சிரித்தார்கள். "குனாஃபா ரெடியா? போடா கண்ணு, இன்னும் நேரமிருக்கு," என்றார் சித்தப்பா. தீமா நகரவில்லை. முப்பது ஆண்கள் அவளைப் பார்த்தார்கள். அவளுக்கு வார்த்தை வரவில்லை.

ஸஃப்வானின் அப்பா, "சின்னப் பிள்ளை மிரண்டுடுச்சு. யாராவது உள்ள கூட்டிட்டுப் போங்கப்பா," என்றார்.

பாபா, எங்கள் அப்பா, தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். கூட்டத்தில் பேசி நான் கேட்டதில்லை. அன்று பேசினார்.

"யாரும் தொடாதீங்க. அவளுக்கு நேரம் ஆகும். ஆகட்டும்."

முப்பது பேரும் காத்திருந்தார்கள். கதவுக்குப் பின்னால் நான் எண்ணினேன். இருபத்திரண்டு வரை வந்தது என்று நினைக்கிறேன். இந்த எண் நோட்டில் இல்லை. அதனால் உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

தீமா வாசித்தாள். "நுஹா சொன்னா, காப்பி குடிக்கச் சொல்லாதீங்க. முதல்ல ஒரு விஷயம்." பக்கத்தைத் திருப்பினாள். நான் சொன்னது அங்கே முடிந்துவிட்டது. அடுத்த பக்கம் அவளுடையது.

"நான் படியில விழல. என் தலைல கட்டி இருந்துச்சு. எடுத்துட்டாங்க. என்னைப் பத்திப் பொய் சொல்லாதீங்க. நான் சோம்பேறி இல்ல. மெதுவா வருவேன். ஆனா வந்துடுவேன்."

நோட்டை மூடினாள்.

"ஃபவ்வாஸ்," என்றார் ஸஃப்வானின் அப்பா கடைசியில், என் அப்பாவின் பெயரைச் சொல்லி, "எங்ககிட்ட வேற மாதிரி சொன்னீங்களே."

"பொய் சொன்னோம்," என்றார் அப்பா. "அந்தத் தப்பு என்னோடது, என் பொண்டாட்டியோடது. பிள்ளையோடது இல்ல. எந்த வீட்டுல குடிக்கறோம்னு தெரிஞ்சு குடிங்கன்னு என் பொண்ணுங்க சொல்றாங்க. எனக்கும் அதான் சரின்னு படுது."

ஹாஜி தௌகான் கோப்பையைப் பார்த்தார். பிறகு ஸஃப்வானின் அப்பாவைப் பார்த்தார். அவர் தரையைப் பார்த்தபடி, "யோசிக்கணும்," என்றார். ஸஃப்வான் தன் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தான்.

நிரம்பிய கோப்பையை மேசையில் விட்டுவிட்டு முப்பது பேரும் எழுந்தார்கள். எங்கள் தெருவில் அப்படி நடந்ததை யாரும் பார்த்ததில்லை. மிஸ் ஃபாத்தின் அறிக்கையை நான்காக மடித்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் படியிறங்கினார்.

"முப்பது பேருக்குக் குனாஃபா," என்றாள் உம்மா, சுவரிடம். "யார் தின்னறது?"

"நான் இன்னும் பேச்சை முடிக்கவே இல்ல," என்றார் சித்தப்பா, நடு அறையில் தனியாக நின்றபடி.

தீமா போய் ஹாஜியின் நாற்காலியில் உட்கார்ந்தாள். கால் தரைக்கு எட்டவில்லை. ஆறிப்போன அந்தக் கோப்பையை இரண்டு கையாலும் எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள். முகம் கோணியது. பிறகு, பெரியவர்கள் போதும் என்று காட்டுவது போல, காலிக் கோப்பையை இப்படியும் அப்படியும் இரண்டு தடவை ஆட்டிவிட்டு வைத்தாள்.

அப்பா சிரித்தார். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க.

தீமா எழுந்து சமையலறைக்குப் போனாள். நோட்டைத் திறந்து, கோடு போட்டிருந்த ஆறு படிகளையும் விரல் வைத்து வாசித்தாள். கை கழுவினாள். தட்டை இரண்டு கையாலும் பிடித்து வந்தாள். வலது பக்கத்திலிருந்து ஆரம்பித்தாள். வலது பக்கத்தில் முதலில் இருந்தது உம்மா. தட்டு அவள் முன்னால் நின்றது. வெகுநேரம் நின்றது. உம்மா ஒரு துண்டை எடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை மிஸ் ஃபாத்தின் கையெழுத்துப் போடவில்லை. தீமா அதே வகுப்பில் இருந்தாள், ஒன்றரை மடங்கு நேரத்தோடு. மிஸ் என்னை அதன் பிறகு மருமகளே என்று கூப்பிட்டதில்லை. ஆனால் தீமாவிடம் கேள்வி கேட்டால் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைக்குள் போட்டுவிட்டுக் காத்திருப்பாராம். இப்போது ஓய்வு பெற்றுவிட்டார்.

எட்டு நாள் கழித்து ஸஃப்வான் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். இந்த நோய் இரத்தத்தில் இல்லை என்று எனக்குச் சோதனை செய்து சான்றிதழ் கொடுத்தால் மறுபடி வருவார்களாம். அப்பா என்னைக் கேட்டார். நான் ஒன்றுகூட எண்ணாமல் முடியாது என்றேன். ஸஃப்வான் போனில், "நான் என்ன சொல்லட்டும் நுஹா?" என்றான். "மெதுவா யோசி. எங்க வீட்டுல நேரம் குடுப்போம்," என்றேன். இப்போது அவனுக்கு ஸர்க்கா ஊரில் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள்.

எனக்கு இப்போது நாற்பது வயது. நகராட்சி நூலகத்தில் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பா லாரியை விற்றுவிட்டார். சித்தப்பா இரண்டு தேர்தலில் தோற்றார். உம்மா அந்த நோட்டை அதற்குப் பிறகு தொட்டதில்லை. இப்போதெல்லாம் யார் கேட்டாலும் "என் பொண்ணுக்குக் கட்டி" என்கிறாள், தேவையைவிடச் சத்தமாக.

தீமாவுக்கு இருபத்தைந்து. பள்ளியை இரண்டு வருடம் தாமதமாக முடித்தாள். பேக்கரி ஒன்றில் காலை வேலை. கணக்கு வராது. பஸ்ஸைத் தவறவிடுவாள். கோபம் இன்னும் வருகிறது. ஒரு தோழி இருக்கிறாள், வாரம் ஒரு சண்டை. நாற்பத்தோராவது நோட்டில் எழுதிக்கொண்டிருக்கிறாள்.

போன வாரம் அந்தப் பேக்கரிக்காரரின் அண்ணன் மகனுக்கு அவளைக் கேட்டுச் சொல்லி அனுப்பினார்கள். பையனுக்குக் கட்டி முதல் எல்லாம் தெரியும், பார்த்த முதல் நாளே அவள் சொல்லிவிட்டாள். என்ன பதில் சொல்ல என்று அப்பா அவளைக் கேட்டு இன்றோடு ஒன்பது நாள். அவள் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டில் யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை.